சுயேச்சை இசைத்தட்டு நிலையங்கள்

துயரம் எந்நாட்டு மாந்தர்க்கும் பொது. அதனைப் பாடும் முறையே நாட்டுக்கு நாடு வேறுபடுவது. குரும்பகரம் முதலாய காரைக்கால் பகுதிச் சிற்றூர்களிலே இழவு வீட்டில் பெண்டிர் ஒருவரையொருவர் தழுவி ஒப்பாரி சொல்லுதலும், அமெரிக்க வாலிபர் கித்தார் ஏந்தி ‘எமோ’ என்னும் பாட்டைப் பாடுதலும் தம்முள் தொடர்பற்றன போலத் தோன்றலாம். இரண்டும் நெஞ்சின் புண்ணைப் பலரறியப் பாடுவனவே. ஆயினும், பின்னது தட்டில் ஏறி உலகெங்கும் சென்றது. முன்னது பெரும்பாலும் காற்றோடு கரைந்துபோகின்றது. இவ்வேறுபாட்டிற்குரிய காரணங்களுள் ஒன்றாகிய சுயேச்சை இசைத்தட்டு நிலையம் என்பது யாது என ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1970-களின் நடுவே நியூயார்க்கிலும் லண்டனிலும் ‘பங்க்’ என்னும் இசை தோன்றிற்று. நெடுநாட் பயிற்சி வேண்டாது, மூன்று நான்கு சுரக்கூட்டுகளைக் கொண்டு விரைந்தும் உரத்தும் பாடுவது அதன் இயல்பு. அவ்விரைவோடு எளிதில் மனத்திற் பதியும் மெட்டுச் சேர்ந்தால் அது ‘பாப்-பங்க்’ எனப்படும். பாடுவோன் அவ்வுரத்த இசையிலே தன் அகத்துயரைத் திறந்து காட்டுவானாயின் அது ‘எமோ’. உணர்ச்சி எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கமே அப்பெயர். அழுகை என்னும் மெய்ப்பாடு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கின்வழிப் பிறக்கும் என்றார் தொல்காப்பியனார். பிறரால் இகழப்படுதல், உற்றாரையும் உடைமையையும் இழத்தல், பண்டை நிலையினின்று தாழ்தல், இல்லாமை என்பன இவற்றின் பொருள். எமோ பாடல்களிற் பலவற்றை இந்நான்கினுள் அடக்குதல் அரிதன்று.

இத்தகைய பாட்டு விலைபோகுமோ எனப் பெரிய கம்பெனிகள் ஐயுறுதல் இயற்கை. அவை இசைஞருக்கு முன்பணம் கொடுக்கும். பதிவுச் செலவை அவர் பங்கிலே கழித்துக்கொள்ளும். மூலப்பதிவின் உரிமையைப் பெரும்பாலும் தம்மிடமே வைத்துக்கொள்ளும். வாஷிங்டன் நகரத்து இளைஞராகிய ஈயன் மக்கேயும் ஜெஃப் நெல்சனும் வேறு வழி கண்டனர். 1980-ல் தம் ‘டீன் ஐடில்ஸ்’ குழு கலைந்தபோது, கச்சேரிகளிற் சேர்ந்த சிறுதொகையைப் பங்கிட்டுக்கொள்ளாமல், அதைக் கொண்டு ஒரு தட்டு வெளியிட்டனர். ‘டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ்’ நிலையம் தோன்றிய வரலாறு இதுவே. தட்டின் உறைகளைத் தம் கையாலேயே வெட்டி மடித்து ஒட்டினர். எழுத்து ஒப்பந்தம் இன்றி, செலவு போக எஞ்சிய ஆதாயத்தை இசைஞரோடு பகிர்ந்துகொள்ளுதல் அந்நிலையத்தின் வழக்கமாயிற்று. 1985-ல் அது வெளியிட்ட ‘ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்’ குழுவின் தொகுதியையே எமோ இசையின் தொடக்கமாகப் பலர் கொள்வர்.

கலிபோர்னியாவில் 1987-ல் எழுந்த ‘லுக்கவுட்’ நிலையம் பாப்-பங்கிற்கு இருப்பிடமாயிற்று. ‘கிரீன் டே’ குழுவின் முதலிரு தொகுதிகளை வெளியிட்டது அதுவே. அக்குழு 1994-ல் பெரிய கம்பெனி ஒன்றின் வாயிலாக ‘டூக்கி’ என்னும் தொகுதியை வெளியிட்டுப் பெரும்புகழ் எய்தியபின், பழைய தட்டுகளும் மிக விற்றன. ஆனால், சேரவேண்டிய உரிமைத்தொகை சேராமையால் 2005-ல் அக்குழுவினர் அவற்றை லுக்கவுட்டினின்று மீட்டுக்கொண்டனர். 2012-ல் அந்நிலையம் மூடப்பட்டது. சிறியது என்னும் காரணத்தாலேயே ஒரு நிலையம் சிறந்ததாகிவிடாது. கணக்கே அதன் உயிர் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, நம் நாட்டைக் காண்போம். பேசும்படம் வந்தபின், தமிழிற் பதிவாகும் பாட்டிற் பெரும்பகுதி சினிமாப் பாட்டேயாயிற்று. அதன் உரிமை படமுதலாளியிடமோ இசைக் கம்பெனியிடமோ சென்று தங்கிற்று. பாட்டெழுதுவோரும் இசையமைப்போரும் உரிமைத்தொகையிற் சமபங்கு பெறுமாறு 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. இந்நிலையிலே, இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசைஞர் தென்மாவின் ‘மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ்’ என்னும் சுயேச்சை நிலையமும் கூடி, ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழுவை உருவாக்கின. அயோத்திதாச பண்டிதர் (1845–1914) வழங்கிய ‘சாதியில்லாத் தமிழர்’ என்னும் தொடரினின்று பிறந்தது அப்பெயர். 2018 ஜனவரி 6-ல் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அக்குழு முதன்முதல் அரங்கேறிற்று. வடசென்னை உழைப்பாளர் இழவு வீடுகளில் இரவெல்லாம் பாடும் கானாவும், பறையும், கித்தாரும் அங்கே ஒன்றாயின. இளிவும் வறுமையும் பாடுபொருளாயின; அழுகையோடு வெகுளியும் சேர்ந்தது. காதற்கதையின் இடைச்செருகலாக அன்றி, பாடுவோர் தம் சொந்தக் குரலாகவே அப்பாட்டு வெளிவந்தது. அக்குழுவிற் பாடிய இசைவாணி, 2020-ல் பி.பி.சி. வெளியிட்ட உலகப் பெண்டிர் நூற்றுவர் பட்டியலில் இடம்பெற்றார்.

மாணவ நண்பர்காள்! முற்காலத்தில் ஒலியைப் பதியும் பொறி அரிதாயிருந்தது; இக்காலத்திலோ அது நம் சட்டைப்பையில் இருக்கின்றது. ஆதலின் ஒப்பாரி அழிதற்குப் பொறியின்மையைக் காரணமாகச் சொல்லல் இனி ஆகாது. நம்மூர் முதியோளிடம் சென்று கேட்பாரில்லை. கேட்டவரும் அவள் பெயரைக் குறிப்பதில்லை. பதிவு செய்யுமுன் அவள் இசைவைப் பெறுக. பாட்டோடு அவள் பெயரையும் ஊரையும் எழுதுக. பொருள் வருமாயின் அவள் பங்கை முதலில் அளித்திடுக. ஆறேழு தோழர் இம்மூன்றையும் வழுவாது செய்வாராயின், அவர்தம் சிறு கூட்டமே ஒரு நல்ல இசைத்தட்டு நிலையமாம்.