படிவுத் தொட்டியும் துகள் வீழ்ச்சியும்

கலங்கிய நீர் தானே தெளியும் என்பது யாவரும் அறிந்ததே. எத்துணைக் காலத்தில் தெளியும், அதற்கு எத்தகைய தொட்டி வேண்டும் என்னும் வினாக்கள் எழும்போதே பொருள் நுட்பமாகின்றது. தொட்டி ஆழமாயின் நீர் நெடுநேரம் தங்கும். ஆதலின் மிகுதியும் தெளியும் எனப் பலர் கருதுவர். அக்கருத்து எவ்வளவிற்குப் பொருந்தும் என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

நீரில் விழும் துகளை அதன் எடை கீழே ஈர்க்கும். நீரின் மிதப்பு விசையும் தடையும் மேல்நோக்கித் தாங்கும். இவை சமனாயின் துகள் மாறா விரைவுடன் இறங்கும். மிகச்சிறு கோளவடிவத் துகளின் விரைவு, விட்டத்தின் இருபடிக்கும் அடர்த்தி வேறுபாட்டிற்கும் நேர்விகிதத்திலும், நீரின் பாகுநிலைக்கு எதிர்விகிதத்திலும் அமையும் என்பது 1851இல் ஸ்டோக்ஸ் என்பார் வெளியிட்ட ஆய்வின் பயன். இருபடி என்பதே இங்குக் கருதத்தக்கது. 20 பாகை செல்சியசு வெப்பமுடைய அசையா நீரில், 0.01 மில்லிமீட்டர் விட்டமுள்ள படிகக்கல் துகள் 3 மீட்டர் இறங்க ஒன்பது மணி நேரத்திற்குச் சற்று மேலாகும். விட்டம் அதிற் பத்தில் ஒன்றாயின், ஏறத்தாழ 39 நாள் வேண்டும்!

இனி, ஓடும் நீரைக் காண்போம். 300 சதுர மீட்டர் பரப்பும் 3 மீட்டர் ஆழமும் உடைய தொட்டியில் நாளொன்றுக்கு 9000 கன மீட்டர் நீர் புகுவதாகக் கொள்க. நீர் 2.4 மணி நேரம் தங்கும். மேற்புறத்தே புகுந்த துகள் அதற்குள் அடியை எய்த, மணிக்கு 1.25 மீட்டர் இறங்கவேண்டும். ஆழத்தை 6 மீட்டராக்கின், தங்கும் நேரம் 4.8 மணியாகும், வீழவேண்டிய தொலைவும் இரட்டிக்கும். வேண்டப்படும் விரைவோ அதே 1.25 மீட்டர்தான். ஆகவே தனித்து வீழும் துகள்களைப் பிடிப்பது பரப்பேயன்றி ஆழம் அன்று. இதனை 1904இல் ஆலன் ஹேசன் என்னும் அமெரிக்கப் பொறியியலார் விளக்கினார். சாய்தகடுகளை அடுக்கிப் பரப்பைப் பெருக்கும் இக்காலத் தொட்டிகள் இவ்வுண்மையின் வழிவந்தவை.

எனினும், பலர் கருத்து முழுதும் பிழையன்று. படிகாரமிட்ட நீரிலும் கழிவுநீரிலும் துகள்கள் வீழுங்கால் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருக்கும். பெருத்தவை விரைந்து வீழும். ஆண்டு ஆழமும் காலமும் பயன்தரும். நுண்துகள்கள் எதிர்மின்னேற்றத்தால் தம்முள் விலகி நிற்பன. படிகாரம் அவ்விலக்கத்தைத் தணித்து அவற்றைக் கூட்டுகின்றது. இச்செயலை 'உறைதல்' என மொழிவார் உளர். பாலுக்கும் குருதிக்கும் அச்சொல் பொருந்தும். நீர் ஈண்டு உறைவதில்லையே. தேற்றாவின் விதைகொண்டு கலங்கல் நீரைத் தெளிவித்த வழக்கு, கலித்தொகையின் நெய்தற்பகுதியில் உவமையாக வந்துள்ளது. நீர் தானே தெளிவது தெளிதல். ஒன்றை இட்டுத் தெளிவிப்பது தேற்றல். இவ்வேறுபாடு நம் மொழியில் முன்னரே இருத்தலின், 'தேற்றல்' என்பதனையே கலைச்சொல்லாகக் கொள்ளல் தகும் என்பது எம் கருத்து.

தொட்டியின் அடியில் துகள்கள் நெருங்குங்கால் அவற்றினிடையே நீர் மேலேற இடமின்றி வீழ்ச்சி தளரும்; பின்னர், மேலுள்ளவற்றின் எடையால் நீர் பிழியப்பட்டுக் கசடு இறுகும். கழிவுநீர்க் கசட்டை நெடுநாள் விட்டுவைப்பின் அது அழுகும். அதினின்று எழும் வளிக்குமிழிகள் படிந்ததனையே மீண்டும் மேலே கொணர்ந்துவிடும்.