எழுத்தாணிக்கு ஒரு பீடம்

பனையோலையில் நம் முன்னோர் எழுதிய இரும்பு எழுத்தாணி ஒன்றைத் துறையின் கண்ணாடிப் பேழையில் வைக்க விரும்புகிறோம் எனக் கொள்வோம். அதைத் தாங்க ஒரு சாண் நீளத் தேக்குப் பலகை போதும். அப்பலகைக்கு எவ்வண்ணம், எம்மெருகு என்னும் வினாவில்தான் நாம் பெரும்பாலும் தவறுகிறோம். பளபளப்பே அழகென எண்ணிக் கருநிறம் பூசி, அதன்மேல் வார்னிஷும் ஏற்றிவிடுகிறோம். கருமையில் கரிய இரும்பு மறைகிறது. விளக்கொளியில் பலகை மின்ன, எழுத்தாணியின் கூர்முனை புலப்படுவதில்லை.

வண்ணத்திற்குரிய விதி எளிது. பொருள் கரியதெனில் பீடம் வெளிர்நிறமாகவும், வெளிறியதெனில் அடர்நிறமாகவும் அமைதல் நன்று. தேக்கின் இயற்கையான பொன்பழுப்பே இரும்புக்குப் போதும்; சாயம் வேண்டா.

இனி, மெருகு. மர இரேகை ஓடும் திசையிலேயே உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைத் துடைத்தல் வேண்டும். பின்னர் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணியால் மெல்லியதாக இரண்டு மூன்று முறை பூசலாம். அது விரைவில் உலரும். நீரோ சூடோ பட்டால் வெண்மை பூக்குமெனினும், பேழைக்குள் இருக்கும் பீடத்திற்கு அக்குறை பொருட்டன்று. ஒளிர்வு மிகுந்தால் நுண்ணிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து மங்கச் செய்யலாம்.

ஆளிவிதை எண்ணெயும் ஏற்றதே. ஆனால் அது உலர நாளாகும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறிதல் கூடாது. அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்துதலே பாதுகாப்பு. எப்பூச்சாயினும் அதன் மணம் முற்றும் நீங்கிய பின்னரே பொருளை வைத்தல் வேண்டும். மூடிய பேழையில் தேங்கும் ஆவி உலோகத்தைக் கெடுக்கும்.

காண்போர் பீடத்தைப் புகழாது எழுத்தாணியின் முன் நின்றுவிடுவாராயின், நம் தேர்வு செம்மையானதே.