'என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு!' - முகத்தை நம்பினால் காசு போகும் என்கிறது போக்கர் மேசை

பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்தது யார்? இந்த விசாரணை நம் வீடுகளில் எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பையனை முன்னால் நிறுத்தி, தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "எங்கே, என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு!" என்பார் அம்மா. பையன் தலையைக் குனிந்தால் போதும், தீர்ப்பு ரெடி. அவன் குனிந்தது குற்ற உணர்ச்சியிலா, பயத்திலா, அடுத்து விழப்போகும் அடியை நினைத்தா என்று யாரும் யோசிப்பதில்லை.

முகத்தைப் பார்த்தால் மனசு தெரிந்துவிடும் என்ற இந்த நம்பிக்கையைக் காசு வைத்துச் சோதிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. போக்கர் மேசை. எதிரில் உட்கார்ந்திருப்பவரைத் தப்பாகக் கணித்தால், அடுத்த நிமிடமே முன்னால் அடுக்கி வைத்திருக்கும் சிப்புகள் அவர் பக்கம் போய்விடும். அந்த மேசையில் பழம் தின்று கொட்டை போட்டவர்களிடம் பாடம் கேட்கப் போனார் ஒரு பெண்.

அவர் பெயர் மரியா கொன்னிகோவா. மாஸ்கோவில் பிறந்து, நான்கு வயதில் பெற்றோருடன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். குழந்தைகளுக்கு முன்னால் மிட்டாயை வைத்து, 'கொஞ்ச நேரம் பொறுத்தால் இன்னொன்று தருவேன்' என்று சொல்லும் புகழ்பெற்ற சோதனையைச் செய்தாரே வால்டர் மிஷெல், அவர்தான் மரியாவின் வழிகாட்டி. ஏமாற்றுப் பேர்வழிகள் ஆட்களை எப்படி வீழ்த்துகிறார்கள் என்று ஒரு முழுப் புத்தகமே எழுதியவர் மரியா. மனிதர்களைப் படிப்பதுதான் அவருடைய தொழில் என்றே சொல்லலாம்.

அப்படிப்பட்டவருக்குச் சீட்டு எதற்கு? 2015 வாக்கில் குடும்பத்தில் அடிமேல் அடி. அவருக்குக் காரணம் பிடிபடாத உடல்நலக் கோளாறு. அம்மாவுக்கு வேலை போனது. நன்றாக இருந்த பாட்டி வழுக்கி விழுந்து இறந்துபோனார். வாழ்க்கையில் நம் கையில் இருப்பது எவ்வளவு, விதியின் கையில் இருப்பது எவ்வளவு என்ற கேள்வி மரியாவைக் குடைந்தது. படிக்கப் படிக்க, கணித மேதை ஜான் வான் நியூமனிடம் வந்து நின்றார். போட்டியாளர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைக் கணக்காக்கிய நியூமன், அதற்கு ஏற்ற விளையாட்டு என்று கைகாட்டியது செஸ்ஸை அல்ல, போக்கரை. செஸ்ஸில் எல்லாக் காய்களும் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. போக்கரில் பாதி மறைந்திருக்கிறது, வாழ்க்கையைப் போலவே.

'மூணு சீட்டின்' அண்ணன்

போக்கர் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நம்மூர் 'மூணு சீட்டு' இருக்கிறதல்லவா, அதற்கு ஒன்றுவிட்ட அமெரிக்க அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பரவலாக ஆடப்படும் 'டெக்சாஸ் ஹோல்டெம்' வகையில், ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துத் தரப்படும். மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் படிப்படியாகத் திறக்கப்படும். ஒவ்வொரு படியிலும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், அல்லது 'எனக்கு வேண்டாம்' என்று சீட்டைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கலாம்.

சூட்சுமம் அந்த ஒதுங்குவதில்தான் இருக்கிறது. கையில் ஒன்றுமே இல்லாதவர், எல்லாம் இருப்பதுபோல் பந்தயத்தை ஏற்றி மற்றவர்களை ஒதுங்க வைத்துவிட்டால், சீட்டைக் காட்டாமலேயே ஜெயித்துவிடுவார். இதற்குப் பெயர்தான் 'பிளஃப்'. ஆகவே ரம்மி மாதிரி தன் சீட்டிலேயே மூழ்கிக் கிடந்தால் கதைக்கு ஆகாது. எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார், நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதுதான் ஆட்டமே.

மரியா குருவாகப் பிடித்தது எரிக் சீடெலை. அப்போதே எட்டு முறை உலகத் தொடர் பட்டம் வென்றிருந்தவர் அவர். மரியாவுக்கோ ஒரு கட்டில் எத்தனை சீட்டு என்பதுகூடச் சரியாகத் தெரியாது. அதுவே சீடெலுக்குப் பிடித்துப்போனதாம். ஊறிப்போன தப்புகள் எதுவும் இல்லாத மாணவி!

உளவியல் படித்த மாணவிக்கு குரு ஏதோ மந்திர ரகசியம் சொல்லித்தருவார் என்றுதான் தோன்றும். மூக்கைத் தொட்டால் பொய், உதட்டைக் கடித்தால் நல்ல சீட்டு என்பது மாதிரி. சீடெலின் பாடம் அப்படி எதுவும் இல்லை. 'கவனி' என்பதுதான் அடிப்படைப் பாடம். ஆட்டத்தில் இல்லாத நேரத்திலும் கவனி. மேசையில் பலர் தங்கள் முறை வராதபோது மொபைலை நோண்டிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில்தான் யார் எப்போது எவ்வளவு கட்டினார், கடைசியில் திறந்து காட்டிய சீட்டு என்ன என்ற மொத்தக் கதையும் நடந்து முடிகிறது.

ஒருமுறை, நல்ல சீட்டு வைத்திருந்தும் தோற்றுப்போன கதையைப் புலம்பலாகச் சொல்லத் தொடங்கினார் மரியா. சீடெல் கேட்கவே தயாராக இல்லை. முடிவு என்ன ஆனது என்பதில் தனக்கு அக்கறையில்லை, ஆடிய விதத்தில் சந்தேகம் இருந்தால் மட்டும் கேள் என்று நிறுத்திவிட்டார். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். ஆனால் புலம்பல் பழகிவிட்டால், தான் எங்கே தப்பாகக் கணித்தோம் என்பது கண்ணுக்கே படாது என்பது அவர் கணக்கு.

முகம் பொய் சொல்லும், கை?

மனிதர்களைப் படிப்பதைப் பற்றி போக்கரை வைத்தே நடந்த அழகான ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. செய்தவர்களில் மைக்கேல் ஸ்லெபியனும் ஒருவர், நளினி அம்பாடியும் ஒருவர். நளினி, கொல்கத்தாவில் பிறந்து அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் உளவியல் கற்பித்தவர். சில வினாடிகள் மட்டும் பார்த்து ஒருவரைப் பற்றி நாம் எடுக்கும் முடிவு எவ்வளவு சரி என்பதை ஆராய்வதில் பெயர் பெற்றவர். ஓர் ஆசிரியர் பாடம் நடத்தும் 30 வினாடிக் காட்சியை, ஒலியே இல்லாமல் பார்த்தவர்கள் போட்ட மதிப்பெண், அவரிடம் பருவம் முழுக்கப் படித்த மாணவர்களின் மதிப்பெண்ணோடு பெருமளவு ஒத்துப்போனதை 1990-களிலேயே காட்டியவர். ரத்தப் புற்றுநோயால் 2013-ல் மறைந்தார்.

போக்கர் ஆய்வில், 2009 உலகத் தொடர் போட்டியின் வீடியோக்களை எடுத்துக்கொண்டார்கள். வீரர்கள் சிப்புகளை மேசை நடுவில் தள்ளும் சில வினாடிகள் மட்டும். அதை மூன்று விதமாக வெட்டினார்கள். இடுப்புக்கு மேல் முழுசாகத் தெரியும் காட்சி, முகம் மட்டும், கைகள் மட்டும். பார்த்துவிட்டு 'இவரிடம் இருப்பது நல்ல சீட்டா, மோசமான சீட்டா' என்று மாணவர்கள் சொல்ல வேண்டும்.

முழுசாகப் பார்த்தவர்களின் பதில், பூவா தலையா போட்டுப் பார்த்தது மாதிரிதான் இருந்தது. முகத்தை மட்டும் பார்த்தவர்கள் அதைவிட மோசம்! வீரர்களின் முகம் எதையும் காட்டாமல் இருந்ததோடு, தப்பான பக்கமும் காட்டியிருக்கிறது. கைகளை மட்டும் பார்த்தவர்கள்தான் ஓரளவு சரியாகச் சொன்னார்கள். நல்ல சீட்டு வைத்திருப்பவர் சிப்புகளைத் தள்ளும்போது அந்த அசைவு தடங்கலில்லாமல், வழுக்கிக்கொண்டு போகிறதாம். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இது பிரமாதமான வித்தியாசம் அல்ல, கொஞ்சம்தான். கையை மட்டும் உற்றுப் பார்த்தே யாரையும் ஜெயித்துவிட முடியாது.

ஏன் கை? முகத்தை எல்லோரும் பார்ப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் சின்ன வயதிலிருந்தே முகத்தை அடக்கப் பழகிவிடுகிறோம். பிடிக்காத சொந்தக்காரர் வந்தால் "வாங்க வாங்க" என்று மலர்ந்த முகம் காட்டுவது யாருக்குத்தான் வராது? அந்த நேரத்தில் காபி டம்ளரை வைத்த விதத்தைப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

ஆனால் கையையும் தப்பாகப் படிக்கலாம். மைக் காரோ என்ற வீரர் 1984-ல், ஆட்டக்காரர்களின் உடல்மொழியைப் பற்றிப் புகைப்படங்களோடு ஒரு புத்தகம் வெளியிட்டார். பந்தயம் கட்டும்போது ஒருவரின் கை திடீரென நடுங்கத் தொடங்கினால் என்ன அர்த்தம்? 'பாவம், பயந்துவிட்டார், பிளஃப் அடிக்கிறார்' என்றுதான் புதியவர்கள் நினைப்பார்கள். காரோ நேர்மாறாகச் சொல்கிறார். பெரும்பாலும் அவரிடம் அசத்தலான சீட்டு வந்திருக்கிறது, அதுவரை இருந்த இறுக்கம் நடுக்கமாக வெளியேறுகிறது. பொய் சொல்பவர்களோ உடம்பை இறுக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார்களாம்.

நேர்முகத் தேர்வில் கை நடுங்கும் இளைஞரைப் பார்த்து 'தன்னம்பிக்கை இல்லை' என்று எழுதிவைக்கும் அதிகாரிகள் இதை ஒருமுறை படிக்கலாம்.

நூற்றுக்கு 54

"ஒருத்தர் பொய் சொன்னா நான் உடனே கண்டுபிடிச்சிடுவேன்" என்று சொல்பவர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அவருக்கான எண் 54. சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரு ஆய்வாளர்கள், பொய்யைக் கண்டுபிடிப்பது பற்றிய ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் வெளியிட்ட கணக்கு அது. மனிதர்கள் உண்மையையும் பொய்யையும் பிரித்துச் சொல்வதில் சராசரியாக நூற்றுக்கு 54 முறைதான் சரி. காசைச் சுண்டிவிட்டாலே 50 முறை சரியாக இருக்கும். ஆள்களை விசாரித்தே பழகியவர்களும் இதில் மற்றவர்களைவிடப் பெரிதாக மேலே வரவில்லை.

அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில், 58 நாடுகளில் ஒரே கேள்வி கேட்கப்பட்டது. பொய் சொல்பவரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? எங்கும் அதிகம் வந்த பதில், 'கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார்'. ஆனால் பார்வையைத் தாழ்த்துவதற்கும் பொய்க்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு எதுவும் ஆய்வுகளில் தென்படவில்லை. பெரியவர்கள் முன்னால் கண்ணைத் தாழ்த்துவதுதான் மரியாதை என்று பிள்ளையை வளர்த்துவிட்டு, அதே கண்ணை வைத்து அவனைத் திருடன் என்று முடிவுகட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம்! இந்தக் கண் விவகாரத்தை மோசடிக்காரர்களும் நன்றாகத் தெரிந்துவைத்திருப்பார்கள். வீடியோ காலில் போலீஸ் உடையில் நேருக்கு நேர் பார்த்து மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் யாரும் கண்ணைத் தாழ்த்துவதில்லை.

அப்படியானால் போக்கரில் தேர்ந்தவர்கள் எதைத்தான் படிக்கிறார்கள்? அந்த ஆள் சாதாரணமாக எப்படி இருப்பார் என்பதை. வாய் ஓயாமல் பேசுபவர் திடீரென அமைதியாகிறாரா, நிதானமாகக் கட்டுபவர் அவசரப்படுகிறாரா என்ற மாற்றத்தை. அதற்கு முதலில் அவரை மணிக்கணக்கில் பார்த்திருக்க வேண்டும். அதோடு, பந்தயங்கள் சொல்லும் கதை முன்னுக்குப் பின் பொருந்துகிறதா என்றும் பார்ப்பார்கள். ஒரு கணத்தின் முகபாவம் அவர்களுக்குக் கடைசிச் சாட்சிதான்.

மரியாவுக்கோ எல்லோரையும்விடப் படிக்கக் கஷ்டமாக இருந்தது மரியாவைத்தான். மேசையைச் சுற்றி ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். அவர்கள் அதட்டலாகப் பந்தயத்தை ஏற்றும்போதெல்லாம், நல்ல சீட்டு இருந்தும் ஒதுங்கிக்கொள்வது தன் வழக்கமாக இருப்பதைப் பிறகுதான் உணர்ந்தார். தன்னை 'அடாவடியான பெண்' என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்ற பல வருடப் பழக்கம் அது. எதிரில் இருந்தவர்கள் அதைப் படித்துவிட்டார்கள், அவர்தான் படிக்கவில்லை. அதைத் திருத்திக்கொள்ள மனப்பயிற்சியாளர் ஒருவரிடம் தனியாகப் போக வேண்டியிருந்தது. 2018 ஜனவரியில் பஹாமாஸ் தீவில் நடந்த தேசியப் பட்டப் போட்டியில் ஜெயித்து 84,600 டாலர் பரிசு வாங்கினார். இந்தப் பயணத்தை 2020-ல் புத்தகமாகவும் எழுதினார்.

இதைப் படித்துவிட்டு 'நாமும் மொபைலில் ஆடிப் பார்த்தால் என்ன' என்று தோன்றினால், கொஞ்சம் பொறுங்கள். முழுநேரமும் இதற்காகவே ஒதுக்கி, உலகின் முன்னணி வீரர் பக்கத்திலிருந்து சொல்லித்தந்து வந்த வெற்றி இது. மொபைல் திரையில் முகமும் இல்லை, கையும் இல்லை. படிப்பதற்கு ஆளே இல்லாத இடத்தில் எதைப் படிப்பது? ஆன்லைன் சீட்டில் பணத்தையும் உயிரையும் இழந்தவர்களின் செய்திகளைத் தமிழ்நாடு நிறையவே பார்த்துவிட்டது. 2022-ல் தமிழக சட்டமன்றம் நிறைவேற்றிய தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகள் என்று பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அவை திறன் விளையாட்டுகள் என்று கூறி அந்தப் பட்டியலை ரத்து செய்தது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம், திறனோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எல்லாவற்றுக்குமே தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது.

கேட்டவர்களும் ஊகித்தவர்களும்

போக்கர் மேசையில் எதிராளியிடம் "உன்னிடம் என்ன சீட்டு?" என்று கேட்கலாம். உண்மையான பதில் வராது, அவ்வளவுதான். அதனால்தான் கையையும் சிப்பையும் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் அப்படியில்லை. ஆனால் வீட்டிலும் நாம் ஊகித்துக்கொண்டேதான் இருக்கிறோம். 'அவர் கோபமாக இருக்கிறார்', 'மருமகளுக்கு இது பிடிக்கவில்லை', 'பிள்ளை எதையோ மறைக்கிறான்' என்று.

தால் எயால், மேரி ஸ்டெஃபெல், நிக்கோலஸ் எப்லி என்ற மூன்று ஆய்வாளர்கள் இதை 25 சோதனைகளில் துருவிப் பார்த்து 2018-ல் வெளியிட்டார்கள். 'அடுத்தவர் இடத்தில் நின்று யோசி' என்று நாம் அடிக்கடி அறிவுரை சொல்கிறோமே, அப்படி யோசித்தால் அவர் மனதில் இருப்பதைச் சரியாகச் சொல்ல முடிகிறதா? கரிசனம் கூடலாம். ஆனால் கணிப்பு மேம்படவில்லை, சில சமயம் கொஞ்சம் குறையக்கூடச் செய்தது. கணவன், மனைவியின் கருத்துகளை ஒருவருக்கொருவர் ஊகிக்கச் சொன்ன சோதனையிலும் அதே கதைதான். துணையின் இடத்தில் தன்னை வைத்துக் கவனமாக யோசித்தவர்களுக்கு அதனால் எந்தப் பலனும் இல்லை. கூடுதலாகச் சரியாகச் சொன்னவர்கள், பதில் எழுதுவதற்கு முன் துணையிடம் நேராகவே கேட்டுப் பேச அனுமதிக்கப்பட்டவர்கள்தான்.