நெஞ்சு வலியா, வாயுவா? முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

ராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரம், நைட்டி தைக்கும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். ராத்திரி பத்து மணிக்குத் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்த ஒருவருக்கு நெஞ்சை அடைக்கிறது, இடது தோள் வலிக்கிறது, குப்பென்று வேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் என்ன சொல்வார்கள்?

"வாயுவாத்தான் இருக்கும். ஒரு சோடா குடிச்சிட்டுப் படுங்க, காலையில பாத்துக்கலாம்."

இந்தக் 'காலையில பாத்துக்கலாம்'தான் ஆபத்து.

ஏன் இவ்வளவு அவசரம்?

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதுதான் மாரடைப்பு. அடைப்பு நீடிக்க நீடிக்க இதயத் தசை செத்துக்கொண்டே போகும். செத்த தசை மீண்டும் வளராது. உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசி, முதல் சில மணி நேரத்தில் போட்டால் நன்றாக வேலை செய்யும். 12 மணி நேரம் தாண்டினால் பெரும்பாலும் பயன் இருக்காது.

பெரிய ஆஸ்பத்திரி தூரத்தில் இருக்கிறதே?

ராஜபாளையத்தில் இருந்து மதுரை சுமார் 85 கி.மீ. அதற்குள் காலம் கடந்துவிடக் கூடாது என்பதற்காகவே 2023 ஜூனில் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8 என 14 மாத்திரைகளை உடனே கொடுத்து, மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். இவற்றை நாமே வாங்கி விழுங்கக் கூடாது. ரத்தக்கசிவு உள்ளவர்களுக்கு இதுவே ஆபத்தாகிவிடும்.

சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரியோடு இணைத்தால் பலன் உண்டா? தமிழகத்தில் 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்தில் இருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தது.

மற்ற நாடுகளில்?

தூரம் நமக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில், தலைநகர் அக்ராவில் உள்ள கோர்லே பு மருத்துவமனையில் 1989-ல் தேசிய இதய அறுவை சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. ஆனாலும் கிராமத்து நோயாளிக்கு அது எட்டாத தூரம்தான். அங்கே இதயம் செயலிழக்கவும் பக்கவாதம் வரவும் முக்கியக் காரணம், கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தம். நமக்கும் அதில் பாடம் இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

* உடனே 108-ஐ அழையுங்கள். இரவில் துணை சுகாதார நிலையம் பூட்டியிருக்கலாம். அங்கே போய்க் காத்திருக்க வேண்டாம்.
* நோயாளியை நடக்கவோ பைக் ஓட்டவோ விடாதீர்கள்.
* முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் மாரடைப்பு இருக்கலாம். டாக்டர் இருக்கச் சொன்னால் இருங்கள்.
* சுகர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் மூச்சிரைப்பு, குமட்டல், கடும் அசதி மட்டும் வரலாம்.

2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. "இப்பதான் நல்லா இருக்கே, எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிடாதீர்கள். நல்லா இருப்பதே அந்த மாத்திரையால்தான்.