எழுத்துரு நிறுவும்போது ஏன் சம்மதம் கேட்கிறது?

தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், சேலம், நாமக்கல் அரசுப் பள்ளி மாணவர்கள் கைக்கு விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ், டெபியன் என்ற லினக்ஸின் வழி வந்தது. டெபியன் குடும்பத்தில் ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருக்களை நிறுவப் போனால், உரிம ஒப்பந்தம் ஒன்று திரையை மறித்து நிற்கும். ஏன்?

இவை மைக்ரோசாஃப்ட் 1996-ல் தொடங்கிய திட்டத்தில் இலவசமாகக் கொடுத்தவை. ஆனால் மூலக் கோப்பை அப்படியேதான் பிறருக்குத் தரலாம்; பிரித்து லினக்ஸ் பொதியாகக் கட்ட அனுமதி இல்லை. அதனால் டெபியன் பொதிக்குள் எழுத்துரு ஒன்றுகூட இருக்காது. இணையத்திலிருந்து இறக்கித் தரும் சிறு நிரல் மட்டுமே இருக்கும். முதலில், நிறுவும்போது கேள்வி கேட்கும் டெப்கான்ஃப் என்ற கருவி ஒப்பந்தத்தைக் காட்டும். டேப் விசையால் 'ஓகே'க்குப் போய் என்டர் தட்டி, அடுத்த திரையில் 'ஆம்' என்றால்தான் எழுத்துரு இறங்கும்.

லேப் முழுக்கக் கணினி இருந்தால்? பதிலை ஒரு கட்டளையால் டெப்கான்ஃப்பில் முன்பே பதிந்துவிடலாம், கேள்வியே வராது. ஆனால் அந்த 'ஆம்' பொதி கட்டியவருடையதாக இருக்கவே கூடாது, கணினிக்குப் பொறுப்பானவர் சொல்ல வேண்டியது அது. அந்தக் கட்டளையை ஓட்டும் முன் ஒப்பந்தத்தை ஒருமுறையாவது படித்துவிடுங்கள்.