கேஸ் டிரபிள்னு நினைச்சீங்களா? பித்தப்பைக் கல்லும் உங்க மெடிக்கல் பாலிசியும்



ராத்திரி 9 மணிக்கு ரெண்டு பரோட்டா, கூட ஒரு சிக்கன் கிரேவி. 12 மணி வாக்குல மேல்வயித்துல யாரோ கையை வச்சு அழுத்தற மாதிரி ஒரு வலி. வலது தோள்பட்டைக்குப் பின்னாடியும் வலிக்குது. அந்த ரோஸ் கலர் ஆன்டாசிட்டைக் குடிச்சுப் பார்க்கறீங்க, போகல. புரண்டு படுத்தாலும் போகல. ரெண்டு மணி நேரம் கழிச்சுத் தானா அடங்குது. காலையில பல் தேய்ச்சு, பைக்கை எடுத்து, ஆபீஸுக்குப் போயிடறீங்க. "கேஸ் டிரபிள்"னு ஒரு வார்த்தையில கதை முடிஞ்சுது.

இது உண்மையிலேயே கேஸ் டிரபிளா இருக்கலாம். பித்தப்பைக் கல்லாவும் இருக்கலாம். ஒரு ஆடிட்டர் எதுக்கு இதைப் பேசறான்னு கேட்பீங்க. இந்த நோய் வலியோட நிக்காம, உங்க மெடிக்கல் பாலிசியோட ரொம்பப் பொல்லாத ஒரு பக்கத்தையும் திறந்து காட்டும். அதனாலதான்.

முதல்ல உடம்புக் கணக்கு. கல்லீரல் சுரக்கிற பித்தநீரைச் சேர்த்து வைக்கிற சின்னப் பைதான் பித்தப்பை. எண்ணெயும் கொழுப்பும் உள்ள போனா அது சுருங்கி, பித்தநீரைக் குடலுக்கு அனுப்பும். உள்ள கல் இருந்து, சுருங்கற நேரத்துல அது வாய்ப்பக்கம் போய் அடைச்சா வலி. அதனாலதான் சாப்பிட்ட உடனே வராம, கொஞ்ச நேரம் கழிச்சு, பெரும்பாலும் ராத்திரியில வருது. நரம்புப் பாதை பொதுவா இருக்கறதால வயித்துல இருக்கற பிரச்சனை முதுகிலும் வலது தோளிலும் தெரியும். தோள் வலிக்குதுன்னு தைலம் தேய்ச்சுக்கிட்டு, நாற்காலியை மாத்தி, லேப்டாப்புக்கு ஸ்டாண்டு வாங்கினவங்களும் இருக்காங்க.

சிலருக்கு வலியே இருக்காது. குமட்டல், வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே மந்தம், அவ்வளவுதான். நம்ம ஊர்ல இதுக்கு "பித்தமா இருக்கு"ன்னு ஒரு ரெடிமேட் பதில், ஒரு இஞ்சிக் கஷாயம். இன்னொரு குழப்பம், வாழைத்தண்டு ஜூஸ். கல்லுன்னு ரிப்போர்ட்ல பார்த்ததும் காந்தி மார்க்கெட்டுக்குப் போய் வாழைத்தண்டு வாங்கிட்டு வந்துடுவாங்க. அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்ற கை வைத்தியம். பித்தப்பை வேற உறுப்பு, இந்தக் கல்லும் வேற. சிறுநீர் அந்தப் பக்கமே போறதில்ல.

வயசானவங்களுக்கு வர்றதுன்னும் நினைக்காதீங்க. பெண்களுக்கு, குறிப்பா கர்ப்ப காலத்துக்குப் பிறகு, அதிகம். "30 நாள்ல 10 கிலோ"ன்னு பட்டினி போட்டு வேகமா எடை குறைக்கிறவங்களுக்கும் வரும். கல்யாணத்துக்கு முன்னாடி அப்படி ஒரு டயட் எடுக்கிற பழக்கம் நம்ம வயசுக்காரங்ககிட்ட இருக்குல்ல?

ரெண்டு விஷயத்துல மட்டும் யோசிக்கவே கூடாது. நெஞ்சுப் பகுதியில வலின்னா முதல்ல ஈசிஜி. மாரடைப்பும் இதே வேஷத்துல வரும், வித்தியாசத்தை வீட்டுல இருந்து நாமளா முடிவு பண்ண முடியாது. வலியோட குளிர் காய்ச்சல், கண் மஞ்சள், டீ டிகாக்‌ஷன் மாதிரி சிறுநீர், வெளுத்துப்போன மலம் இதுல ஏதாவது தெரிஞ்சா, கல் பித்தக்குழாயை அடைச்சிருக்கலாம். அன்னைக்கே ஆஸ்பத்திரி. கணையம் வீங்கிடுச்சுன்னா அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

நாடே பார்த்த ஒரு உதாரணம் சொல்றேன். 2021 மார்ச் 28 சாயங்காலம் சரத் பவாருக்கு வயித்துல வலி. மும்பை ப்ரீச் கேண்டி மருத்துவமனையில பார்த்ததுல பித்தப்பைப் பிரச்சனைன்னு தெரிஞ்சுது. 31-ம் தேதி சேர்த்துக்கலாம்னு திட்டம். வலி திரும்ப வந்ததால 30-ம் தேதியே சேர்த்து, எண்டோஸ்கோபி மூலமா பித்தக்குழாயில இருந்த கல்லை எடுத்தாங்க. பித்தப்பையை எடுத்த ஆபரேஷன் ஏப்ரல் 12-ல. கவனிங்க: ஒரு நோய், ரெண்டு அட்மிஷன், ரெண்டு பில். நம்ம வீட்டுல இது நடந்தா? கல் குழாய்க்கு வந்துட்டா பில் சத்தமில்லாம ரெண்டு மடங்கு பக்கம் போயிடும்.

24 மாசம்ங்கற சுவர்

பாலிசி பேப்பரை இப்பவே எடுங்க. "குறிப்பிட்ட நோய்களுக்கான காத்திருப்புக் காலம்"னு ஒரு பக்கம் இருக்கும். கேட்டராக்ட், ஹெர்னியா, மூலம் இதெல்லாம் வரிசையா வரும். எல்லா கம்பெனியும் விக்கிற ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியிலயும், சிறுநீர்ப் பாதை, பித்தப்பை, பித்தக்குழாய்க் கல்லுக்கு 24 மாசம். பாலிசி எடுத்து முதல் ரெண்டு வருஷத்துக்குள்ள பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன்னா, எவ்வளவு அவசரமா இருந்தாலும் க்ளெய்ம் வராது. விபத்துக்கு மட்டும்தான் இதுல விலக்கு. "30 நாள் வெயிட்டிங் முடிஞ்சுடுச்சே சார்"னு கேட்கிறவங்க நிறைய பேர். அது பொதுவான காத்திருப்பு, இது வேற.

பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியே கல் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா இன்னொரு படி. முந்தின 36 மாசத்துக்குள்ள டாக்டர் கண்டுபிடிச்ச எதுவும் "ஏற்கனவே இருந்த நோய்"தான். அதுக்குக் காத்திருப்பு 36 மாசம் வரைக்கும் இருக்கலாம். ரெண்டு லிஸ்ட்லயும் ஒரே நோய் வந்தா, எது நீளமோ அதுதான் பொருந்தும். இந்த வரி பாலிசியிலயே அச்சாகி இருக்கும், யாரும் படிக்கிறதில்ல.

இங்கதான் நம்ம உறையூர் ஆபீஸுக்கு வந்த ஒரு தம்பி கதை. வயசு 29, நவல்பட்டு ஐடி பார்க்ல வேலை. கம்பெனி வருஷா வருஷம் பண்ற செக்கப்ல வயித்து ஸ்கேன் எடுத்ததுல பித்தப்பையில கல். வலி எதுவும் இல்ல. கையில சென்னை கம்பெனியோட ஆஃபர் லெட்டர். நடுவுல ஒன்றரை மாசம் இடைவெளி விட்டு ஊர் சுத்தலாம்னு பிளான். புதுசா ஒரு பாலிசி எடுக்கப் போனா, "ஸ்கேன் விஷயத்தை எழுதாதீங்க, யாருக்குத் தெரியப் போகுது"ன்னு ஏஜென்ட் சொல்லியிருக்காரு.

எழுதாதீங்கன்னு சொல்ற ஏஜென்ட்கிட்ட பாலிசியே எடுக்காதீங்க. இதுல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது. நாளைக்கு அட்மிட் ஆகும்போது பழைய ரிப்போர்ட்டை டாக்டர்கிட்ட காட்டித்தானே ஆகணும்? அது கேஸ் ஷீட்ல ஏறும். மறைச்சது தெரிஞ்சா அந்த க்ளெய்ம் மட்டும் இல்ல, பாலிசியே ரத்தாகலாம். சொல்லி எடுத்தா காத்திருக்கணும். சொல்லாம எடுத்தா பிரீமியமும் போச்சு, பாதுகாப்பும் போச்சு. தொடர்ந்து 60 மாசம் கட்டினதுக்கு அப்புறம் நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர வேற காரணத்துக்காக க்ளெய்மைக் கேள்வி கேட்க முடியாதுன்னு விதி இருக்கு. அதை நம்பி அஞ்சு வருஷம் மறைச்சு வைக்கலாம்னு யோசிக்கிறது விஷப்பரீட்சை.

அப்போ அவருக்கு என்ன வழி? கம்பெனியோட குரூப் பாலிசியில பெரும்பாலும் இந்தக் காத்திருப்பே இருக்காது. அதே சமயம், பொதுவா கடைசி வேலை நாளோட அந்தக் கவரும் முடிஞ்சுடும். அதனால ரிசைன் பண்றதுக்கு முன்னாடி ஒரு சர்ஜனைப் பாருங்கன்னு சொன்னேன். வலி இல்லாத கல்லுக்கு ஆபரேஷன் வேண்டாம்னு டாக்டர்களே பல பேருக்குச் சொல்வாங்க. அப்படிப்பட்ட கல் பெரும்பாலானவங்களுக்குக் கடைசி வரைக்கும் தொந்தரவு தராது. பாலிசி இருக்குங்கறதுக்காக உறுப்பை எடுக்க வேண்டாம். ஆனா ஏற்கனவே வலி வந்து, சர்ஜன் எடுத்துடலாம்னு சொன்னா, ராஜினாமா தேதி உங்க கையில இருக்கு. அதை ஒரு மாசம் தள்ளுங்க.

தம்பி விசாரிச்சதுல டாக்டர், "இப்போ தேவையில்ல, பார்த்துக்கலாம்"னு சொல்லிட்டாரு. அவர் அந்த ஒன்றரை மாச இடைவெளியை ஒரு வாரமாக் குறைச்சுக்கிட்டாரு. புது கம்பெனி ஹெச்ஆர்கிட்ட "முதல் நாள்ல இருந்தே கவரா, ஏற்கனவே இருக்கற நோயும் சேர்த்தா"ன்னு ஈமெயில்லயே கேட்டு வாங்கினாரு. தனியா ஒரு பாலிசியும், ஸ்கேனை எழுதி, எடுத்திருக்காரு. அந்த 36 மாச கடிகாரம் இப்பவே ஓட ஆரம்பிச்சுடுச்சு, அதுதான் லாபம். பழைய குரூப் பாலிசி கொடுத்த கம்பெனியோட தனிநபர் பாலிசிக்கே மாற விண்ணப்பிக்கிற வழியும் இருக்கு. அப்படி மாறினா ஏற்கனவே கழிச்ச காலம் கணக்குல வரும். இதையும் வேலையை விடறதுக்கு முன்னாடியே கேட்கணும்.

மாசச் சம்பளம் ரூ.21,000-க்குள்ள இருந்தா உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கும். சம்பளத்துல 0.75 சதவீதம் பிடிக்கிறதைப் பார்த்து முணுமுணுக்கிறீங்களே, அதுல சிகிச்சைக்கு இந்த 24 மாச சுவர் கிடையாது. தகுதி இருந்தா ஓய்வு நாட்களுக்குச் சம்பளத்துல 70 சதவீதமும் வரும், வருஷத்துக்கு 91 நாள் வரை. புத்தூர்ல நம்ம அரசு மருத்துவமனை இருக்கறதையும் மறந்துடாதீங்க.

பில்லுல எங்க அடி விழும்

இந்தியாவுல முதல் லேப்ராஸ்கோபி பித்தப்பை ஆபரேஷனை 1990-ல மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில டாக்டர் தெஹம்டன் உத்வாடியா பண்ணினாரு. அதுக்கு முன்னாடி வயித்தைப் பெருசாக் கிழிச்சு, வாரக்கணக்குல படுக்கை. இப்போ சின்னத் துளைகள்தான், பல பேர் ஒண்ணு ரெண்டு வாரத்துல வேலைக்குத் திரும்பிடறாங்க. அதனால லீவு பெரிய பிரச்சனை இல்ல. ரூம்தான் பிரச்சனை.

கணக்குக்காக நான் எடுத்த எண்கள் இது: ரூ.3 லட்சம் பாலிசி, ரூம் வாடகை வரம்பு 1 சதவீதம், அதாவது நாளுக்கு ரூ.3,000. நீங்க ரூ.6,000 ரூம்ல 3 நாள். ரூம் 18,000, சர்ஜன், தியேட்டர், மயக்க மருந்து டாக்டர் 80,000, மருந்து 22,000. மொத்தம் 1,20,000. ரூம்ல மட்டும் 9,000 போகும்னுதான் நினைப்பீங்க. இல்ல! பாதித் தகுதிக்கு மேல ரூம் எடுத்ததால சர்ஜன், தியேட்டர் செலவும் பாதியாகும். கிடைக்கிறது 9,000 + 40,000 + 22,000 = 71,000. கையில இருந்து 49,000.

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கினதும் பைக்குள்ள வைக்காதீங்க, நின்னு படிங்க. டூட்டி டாக்டர் "எத்தனை நாளா வலி?"ன்னு கேட்பாரு, வலியில இருக்கற நீங்க "ரொம்ப வருஷமாவே சார்"னு பேச்சுவாக்குல சொல்லியிருப்பீங்க. அது "மூணு வருஷமா"ன்னு ஏறியிருந்தா, ரெண்டரை வருஷப் பாலிசிக்காரருக்கு அந்த ஒரு வரியே வில்லன். உண்மையை மாத்தச் சொல்லல. தப்பா எழுதியிருந்தா, ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே திருத்தி வாங்குங்க. அப்படியும் அநியாயமா மறுத்தா முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரி. ஒரு மாசத்துல சரியான பதில் வரலைன்னா சென்னையில இருக்கற இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். கட்டணம் இல்ல, வக்கீலும் தேவையில்ல.

ஆபரேஷனுக்கு அப்புறம் சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளகலாவே இருக்கும். பித்தநீர் இப்போ சேமிப்பு இல்லாம நேரா குடலுக்குப் போறதால வர்றது. பெரும்பாலும் சரியாயிடும், நீடிச்சா டாக்டர்கிட்ட சொல்லுங்க. எடுத்த பித்தப்பையை பயாப்சிக்கு அனுப்புவாங்க. ரிப்போர்ட் வர சில நாள் ஆகும், அதுக்குள்ள நீங்க ஆபீஸ்ல இருப்பீங்க. மறக்காம போய் வாங்கி டாக்டர்கிட்ட காட்டுங்க. அந்த ரிப்போர்ட் பில், மறுபரிசோதனை பில், மருந்து பில் எல்லாம் பாலிசியைப் பொறுத்து டிஸ்சார்ஜுக்குப் பின்னாடி 60 அல்லது 90 நாள் வரைக்கும் க்ளெய்ம் பண்ணலாம். அட்மிஷனுக்கு முன்னாடி எடுத்த ஸ்கேன் பில்லையும் அதோட சேர்த்து வச்சுக்கோங்க.