பி0403: வால்வை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

செக் எஞ்சின் விளக்கு எரியுது, ஸ்கேனரில் பி0403 வருது. உடனே பலர் இ.ஜி.ஆர். வால்வையே மாற்றிவிடுகிறார்கள். காசு போன பிறகும் விளக்கு அணையாது. ஏன்?

இந்த வால்வு, வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பி, எரியும்போது உண்டாகும் வெப்பத்தைக் குறைக்கிறது. அதனால் நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைகின்றன. கரி அடைத்துப் புகை சரியாப் போகலைன்னா பெரும்பாலும் வருவது பி0401. பி0403 சொல்வது, வால்வை இயக்கும் மின்சுற்றில் கோளாறு என்று. கரியைச் சுரண்டினால் இது தீராது.

முதலில் கனெக்டரைக் கழற்றுங்கள். பச்சைக் களிம்பு பிடிச்சிருக்கா, பின் வளைஞ்சிருக்கா? இரண்டு வயர் சோலினாய்டு வகை என்றால், இக்னிஷனை ஆன் செய்து மல்டிமீட்டரை வையுங்கள். ஒரு வயரில் சுமார் 12 வோல்ட் வரணும். வரலைன்னா ஃபியூஸ், ரிலே பக்கம் தேடுங்கள்.

வந்தால், இக்னிஷனை அணைத்துவிட்டு வால்வு காயிலின் ரெசிஸ்டன்ஸை அளந்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகலைன்னா புது வால்வு வாங்கலாம்.

காயிலும் சரி என்றால், மிச்சம் இ.சி.யு. வரை போகும் வயர். பேட்டரியைக் கழற்றி, இரு முனை கனெக்டர்களையும் விலக்கி, வயரை ஆட்டிக்கொண்டே கன்டின்யூட்டி பாருங்கள். எக்ஸாஸ்ட் சூட்டில் இன்சுலேஷன் உருகி, பாடியில் ஷார்ட் ஆகுதா என்பதையும் பாருங்கள். இ.சி.யு.வைச் சந்தேகப்படுவது இதெல்லாம் முடிந்த பிறகுதான்.